ஹா லாங் விரிகுடா: இரவு படகில் தங்கலாமா, பகலிலேயே திரும்பிவிடலாமா?

கேள்வி இதுதான்: "நவம்பர் கடைசியில் அப்பா அம்மாவுடன் வியட்நாம் போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, அம்மா சுத்த சைவம். ஹனோயிலிருந்து ஹா லாங் விரிகுடாவுக்குப் பகலில் போய்வந்தால் போதுமா, இல்லை ஓர் இரவு படகில் தங்கவேண்டுமா? தங்குவதென்றால் எந்தப் படகு நல்லது?"

தங்குங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹனோயிலிருந்து துறைமுகத்துக்கு விரைவுச்சாலையில் போகவே இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பகல் பயணம் என்றால் போகவர ஐந்து மணி நேரம் வேனிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீரில் இருப்பீர்கள், ஆனால் அது எல்லாப் படகும் ஒரே குகை வாசலில் வரிசைகட்டி நிற்கும் நேரம். மாலையில் பகல் படகுகள் கரைக்குக் கிளம்பிவிடும். அப்புறம் இரவுப் படகுகள் மட்டும் அவற்றுக்கென ஒதுக்கிய இடங்களில் நங்கூரம் போட்டு நிற்கும். அந்த மாலையும் மறுநாள் விடிகாலையும்தான் ஹா லாங். நடுப்பகலில் பார்ப்பது அஞ்சலட்டையில் பார்ப்பதைவிட ரொம்பக் கூடுதலாக இருக்காது.

எந்தப் படகு என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். படகின் நட்சத்திரம், பால்கனி, மேல்தளக் குளியல்தொட்டி என்று படம் பார்த்துப் பார்த்து மணிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அந்தப் படகு எந்தத் தண்ணீரில் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பயணம் எப்படி இருக்கும் என்பதை முக்கால்வாசி முடிவு செய்வது அதுதான்.

ஹா லாங் என்று பொதுவாகச் சொல்லும் பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று விரிகுடாக்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஹா லாங். 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. புகழ்பெற்ற சுங் சொட் குகை, டி டொப் தீவு, 2 லட்சம் டாங் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஊதுபத்திக் கலசம் போன்ற பாறை எல்லாம் இங்கேதான். கூட்டமும் இங்கேதான். தெற்கே, காட் பா தீவை ஒட்டி இருப்பது லான் ஹா. இது வேறு நிர்வாகம், ஹாய் ஃபோங் மாநகரைச் சேர்ந்தது. தீவுகள் நெருக்கமாக இருக்கும், குளிக்கத் தோதான சின்னச் சின்ன மணல்கரைகள் உண்டு. 2023இல் காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்து யுனெஸ்கோ அந்தப் பாரம்பரியப் பகுதியின் எல்லையை விரித்தது. வடகிழக்கில் இருப்பது பாய் து லாங். மூன்றில் அமைதியானது இது. பெரிய பெயர் பெற்ற குகைகள் இல்லை, அதனாலேயே படகுகள் குறைவு.

உங்களுக்கு என் ஓட்டு லான் ஹாவுக்கு. காரணம் உங்கள் அப்பா அம்மா. நடு ஹா லாங்கின் இரண்டு பெரிய காட்சிகளும் படிக்கட்டுகள்தான். டி டொப் உச்சிக்கு நானூறுக்கும் மேல் படிகள், நடுநடுவே செங்குத்தாக. (விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவ் 1962இல் ஹோ சி மின்னோடு அங்கே வந்தார். அவர் பெயரைத்தான் தீவுக்கு வைத்திருக்கிறார்கள்.) சுங் சொட் குகைக்கு ஏறுவதற்கே நூறு படி வரும், உள்ளேயும் ஏற்ற இறக்கம், வெளியே வருவது வேறு வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் பாதியில் திரும்பவும் முடியாது, ஏனென்றால் பின்னால் ஊரே வந்துகொண்டிருக்கும். நன்றாக நடப்பவர்களானால் சுங் சொட் பார்க்கவேண்டிய இடம்தான். பிரம்மாண்டமான குகை அது. லான் ஹா பாதையில் இந்த இரண்டும் இல்லை. பதிலுக்குக் காட் பா தீவுக்குள் வியெட் ஹாய் என்ற கிராமத்துக்குப் போவார்கள். கரையிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர். இளையவர்கள் சைக்கிளில் போகலாம், பெரியவர்களுக்கு மின்சார வண்டி உண்டு. வழி முழுக்க இருபுறமும் சுண்ணாம்பு மலையும் காடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விளம்பரத்தில் ஹா லாங் என்று எழுதிவிட்டு லான் ஹாவுக்குப் போகும் படகுகள் உண்டு. லான் ஹா என்று எழுதிவிட்டு அதன் விளிம்பைத் தொட்டுத் திரும்புபவையும் உண்டு. ஆகவே பதிவு செய்யும் முன், இரவு எங்கே நங்கூரம் போடுவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஹா லாங் நகரக் கரைக்குப் பக்கத்தில் என்றால் ராத்திரி உங்களுக்குத் தெரிவது ராட்டினத்தின் விளக்கும் ஓட்டல்களின் வெளிச்சமும்தான்.

இந்த மலைகள் கடலுக்குள் எப்படி வந்தன என்று அப்பா கண்டிப்பாகக் கேட்பார், எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். மலைகள் கடலுக்குள் வரவில்லை, கடல்தான் மலைகளுக்குள் வந்தது. முப்பது கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புப் பாறை இது. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் மழைநீர் லேசான அமிலமாகிப் பாறையை விரிசல் வழியாகக் கரைத்துக்கொண்டே போனது. மிஞ்சியவை கோபுரங்களும் கூம்புகளும், நடுவில் பள்ளங்களும் குகைகளும். அதுவரை எல்லாம் நிலத்தில்தான் நடந்தது. கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது பள்ளத்தாக்குகளில் தண்ணீர் நிறைந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதைதான் அது. கோபுரங்களின் உச்சிகள் தீவுகளாகிவிட்டன. இன்று ஹா லாங்கில் ஆயிரத்து அறுநூறு தீவுகளுக்கு மேல் எண்ணுகிறார்கள், பெரும்பாலானவற்றில் மனிதர் யாரும் கிடையாது.

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் பாறைக்குப் பக்கத்தில் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பாறையின் அடியிலும் தண்ணீர் மட்டத்தில் ஆழமான ஒரு வெட்டு சுற்றிவர ஓடும். மேலே மலை வெளியே துருத்தி நிற்கும், கீழே இடுப்புக் குறுகி, காளான் போல. கடல்நீரும், பாறையைத் துளைக்கும் சின்ன உயிர்களும் சேர்ந்து அரித்த வெட்டு அது. நீர் வற்றியிருக்கும்போது வெட்டின் கீழ்விளிம்பு முழுக்கச் சாம்பல் வெள்ளையாகச் சிப்பிகள் அப்பியிருக்கும். அழகாக இருக்கிறதே என்று கையை வைத்துவிடாதீர்கள். பிளேடு மாதிரி கிழிக்கும். கயாக்கை நிறுத்தப் பாறையைப் பிடிப்பவர்கள்தான் படகின் முதலுதவிப் பெட்டிக்கு வழக்கமான வாடிக்கையாளர்கள்.

தண்ணீர் வற்றுவது பற்றி ஒரு விஷயம். உலகத்தின் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்கும், அதுதான் ஓதம். ஹா லாங் இருக்கும் டோங்கின் வளைகுடாவில் பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு முறைதான், ஆனால் பெரிதாக. சில நாட்களில் வித்தியாசம் மூன்று, நான்கு மீட்டர் வரை போகும். மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்த பாறையைக் காலையில் பார்த்தால் வேறு பாறை போல இருப்பது அதனால்தான். குகைச் சுரங்கங்களுக்குள் கயாக் போக முடியுமா என்பதும் ஓதத்தைப் பொறுத்தது. சாலையில் ஹாய் ஃபோங் தாண்டி ஹா லாங் நகரப் பக்கம் போவதானால் ஒரு பெரிய பாலத்தைக் கடப்பீர்கள். கீழே ஓடுவது பாக் டாங் ஆறு. 1288இல் தளபதி ட்ரன் ஹுங் டாவ் அந்த ஆற்றுப் படுகையில் கூர்மரக் கழிகளை நட்டுவைத்து, ஓதம் ஏறியிருக்கும்போது மங்கோலியக் கப்பற்படையை உள்ளே இழுத்தார். ஓதம் இறங்கியதும் கப்பல்கள் கழிகளில் சிக்கின. படையே அழிந்தது. அந்தக் கழிகளை ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்லப்படும் டாவ் கோ குகை இந்த விரிகுடாவில்தான் இருக்கிறது. பாலம் வரும்போது அப்பாவை எழுப்பிவிடுங்கள்.

சரி, அன்றாட விஷயத்துக்கு வருவோம். "இரண்டு நாள், ஓர் இரவு" என்று விற்பார்கள். உண்மையில் படகில் இருப்பது ஒரு முழு நாளுக்கும் குறைவு. காலை எட்டு, எட்டரைக்கு ஹனோயில் வேன் ஏற்றிக்கொள்ளும். வழியில் முத்துக் கடையிலோ கைவினைக் கடையிலோ அரைமணி நிறுத்துவார்கள். கழிப்பறைக்கு என்று சொல்வார்கள், ஆனால் கழிப்பறைக்குப் போக நகைக்கடை முழுவதையும் கடந்தாகவேண்டும். நண்பகலில் படகு ஏறிச் சாப்பாடு. பிற்பகலில் ஒரு குகை அல்லது கிராமம், பிறகு கயாக். கயாக் வேண்டாமென்றால், பல இடங்களில் உள்ளூர்ப் பெண்கள் துடுப்புப் போடும் மூங்கில் படகில் உட்கார்ந்து போகலாம். பெரியவர்களுக்கு அது போதும், உண்மையில் அதுவே மேல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கணவாய் மீன் பிடிக்கலாம் என்று சில மூங்கில் கழிகளைக் கொடுப்பார்கள். மறுநாள் காலை ஆறு, ஆறரைக்கு மேல்தளத்தில் தாய் சி என்ற சீன உடற்பயிற்சி, சிற்றுண்டி, இன்னொரு இடம், குளித்துப் பெட்டி கட்டு, பத்து மணிக்கு இன்னொரு சாப்பாடு, பதினொன்றரைக்குக் கரை. பிற்பகலில் ஹனோய்.

இந்த அட்டவணையில் நான் விடாமல் செய்யச் சொல்வது இரண்டு. ஒன்று, காலை ஐந்தரைக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போவது. தாய் சி ஆரம்பித்து ஸ்பீக்கர் போடுவதற்கு முன். வெளிச்சம் வரத் தொடங்கியதும் கரும்பருந்துகள் மலையிலிருந்து இறங்கித் தண்ணீரின் மேல் வட்டமிட்டு, கால்களால் எதையோ கொத்திக்கொண்டு எழும்பும். இரண்டாவது, சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் கணவாய் பிடிப்பு. பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் சிக்காது. ஆனால் படகின் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேல் ஒரு பலமான விளக்கைத் தொங்கவிடுவார்கள். கால்மணி கழித்துக் குனிந்து பாருங்கள். முதலில் புழுதி போல நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்ன ஊசி ஊசியாக மீன்குஞ்சுகள், அவற்றுக்குக் கீழே வெளிச்சத்தின் ஓரத்தில் கண்ணாடி போல ஒன்று பின்பக்கமாக நழுவும். அதுதான் கணவாய். யாராவது ஒன்றைத் தூக்கிவிட்டால், காற்றுப் பட்டவுடன் உடம்பு முழுக்கச் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கும், அடுத்த நொடி மை. வெள்ளைச் சட்டை போட்டு நிற்காதீர்கள்.

மிதக்கும் மீனவ கிராமம் என்று பயணத்திட்டத்தில் இருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரிலேயே வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை 2014இல் அரசு கரையில் வீடு கொடுத்துக் குடியமர்த்திவிட்டது. பிள்ளைகளின் படிப்பும் தண்ணீர் மாசும் சொல்லப்பட்ட காரணங்கள். இன்று வுங் வியெங் போன்ற இடங்களில் பார்ப்பது பெரும்பாலும் வேலைக்காக வந்துபோகிறவர்கள், முத்து வளர்ப்பு, மீன் கூண்டுகள். பார்க்கலாம். ஆனால் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற எண்ணம் வேண்டாம்.

அம்மாவின் சாப்பாடு. படகுச் சமையல் என்றாலே இறால், சிப்பி, மீன், கணவாய். இந்த ஊரின் பெருமையே இடித்த கணவாயை வடை மாதிரித் தட்டிப் பொரிப்பதுதான். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. வியட்நாமிய பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான் சாப்பிடுவார்கள். "அன் சாய்" என்று சொன்னால் சமையற்காரருக்குப் புரியும். சிக்கல் வேறு இடத்தில்: மீன் சாறு. கீரை வதக்கலிலும் டோஃபு குழம்பிலும் அது அல்லது சிப்பிச் சாறு கையோடு விழுந்துவிடும், அதை அசைவம் என்றே நினைக்காதவர்களும் உண்டு. ஆகவே "சைவம்" என்று மட்டும் எழுதாமல் மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது, முட்டை எதுவும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஏறியவுடன் வழிகாட்டியிடம் ஒருமுறை நேரிலும் சொல்லுங்கள். டோஃபு, வள்ளைக்கீரை, காளான், சோறு, பழம் என்று வரும். இப்போது இந்தியர்கள் நிறைய வருவதால் கேட்டால் பருப்பு செய்து கொடுக்கிற படகுகளும் இருக்கின்றன. எதற்கும் ஒரு பாட்டில் பருப்புப்பொடி கைப்பையில் இருக்கட்டும்.

குமட்டல், தலைசுற்றல் வருமா என்று பயந்தால், அது தேவையில்லை. தீவுகள் அலையைத் தடுத்துவிடுவதால் நல்ல வானிலையில் படகு ஏரியில் போவது போலத்தான் போகும். பெரியவர்களுக்கு நிஜமான சிரமம் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு இறங்கி ஏறுவது. இரண்டும் ஆடும். ஊழியர்கள் கை கொடுப்பார்கள், அந்த நேரத்தில் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான். செருப்பைவிடப் பின்வார் வைத்த சாண்டல் நல்லது.

அறை எடுக்கும்போது நட்சத்திரத்தைவிட இடத்தைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் பின்பக்கம் என்றால் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம் உங்களோடு படுத்திருக்கும். இரண்டாம் தளம், முன்பக்கம் அல்லது நடு என்று கேட்டு வாங்குங்கள். அதே நேரம் மேல்தளத்துப் பாட்டுக்கூடத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். அறைக்கு விலை, இருவர் தங்கினால், நடுத்தரப் படகுகளில் தலைக்கு 120 முதல் 180 டாலர் வரை பொதுவாக இருக்கும். சொகுசுப் படகுகள் 200க்கு மேல் போகும். அதைவிட ரொம்பக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாமல் கேள்வி கேளுங்கள். சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கயாக் எல்லாம் விலைக்குள் வந்துவிடும். பானங்கள் வராது. கடைசி நாள் காலை வரும் பில்லில் அதுதான் இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் ஒரு பகல்நேரச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். 2011 பிப்ரவரியில் நங்கூரமிட்டு நின்ற ஓர் இரவுப் படகு விடிகாலையில் மூழ்கி, தூக்கத்திலேயே 12 பேர் போனார்கள். இரும்பு உடல் கொண்ட புதிய படகைத் தேர்ந்தெடுங்கள், பழைய மரப் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஏறியதும் அறையில் உயிர்காப்பு உடை எங்கே என்று எடுத்துப் பாருங்கள், வெளியே போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். சின்னப் படகில் உடையைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் வெயிலாக இருக்கிறது என்று முனகாமல் போடுங்கள்.

நவம்பர் கடைசி என்பது நல்ல தேர்வு. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம்; 2024 செப்டம்பரில் யாகி புயல் இங்கே பல படகுகளை மூழ்கடித்தது. பிப்ரவரி, மார்ச்சில் மூடுபனியும் தூறலும், சில நாள் எதிரே இருக்கும் தீவே தெரியாது. நவம்பரில் மழை குறைவு, பகலில் இதமான வெயில். தண்ணீர் குளிக்கக் கொஞ்சம் குளிராக இருக்கும், மேல்தளத்துக் காற்றுக்கு அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

அப்படியும் வானிலை கெட்டுப்போகலாம். படகு போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது நிறுவனம் இல்லை, துறைமுக அதிகாரிகள். அவர்கள் நிறுத்தினால் யாரும் போக முடியாது, அதற்காக நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. கிளம்பும் முன் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, பாதியில் திரும்பினால் எவ்வளவு என்பதை மட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் படகுப் பயணத்தை வைக்காதீர்கள். பெரிய பெட்டிகளை ஹனோய் ஓட்டலிலேயே விட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு போகலாம், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும். படகு கிளம்பும் முன் பயணிகளைப் பதிவு செய்ய அது தேவை.

இரண்டு இரவு தங்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல படகுகள் இரண்டாம் நாள் காலை மற்றப் பயணிகளை இறக்கக் கரைக்குத் திரும்பும். உங்களை அன்று பகல் முழுக்க ஒரு சின்னப் படகுக்கு மாற்றிவிட்டு மாலையில் மறுபடி ஏற்றிக்கொள்ளும். அந்தச் சின்னப் படகு கூட்டமில்லாத இடங்களுக்குப் போகும் என்பது லாபம். ஆனால் மதியம் சாய்ந்து படுக்க அறை கிடையாது, பெரியவர்களுக்கு அது கஷ்டம். உங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவு சரி.

துறைமுகம் மூடிவிட்டது என்று அன்று காலை செய்தி வந்தால், அந்த நாளை நின் பின் என்ற ஊருக்குத் திருப்பிவிடுங்கள். ஹனோயிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குள்தான். அதே மாதிரிச் சுண்ணாம்பு மலைகள், கடலுக்குப் பதில் ஆறும் வயலும் நடுவில். ட்ராங் ஆன் என்ற இடத்தில் துடுப்புப் படகில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடியே குகைகளுக்குள் நுழைந்து வெளியே வரலாம். அதுவும் 2014 முதல் உலகப் பாரம்பரியம்தான். புயல் சுற்றிக்கொண்டிருந்தால் அங்கேயும் நிறுத்திவிடுவார்கள், ஆனால் வெறும் மூடுபனிக்கும் கடல்காற்றுக்கும் நிறுத்தமாட்டார்கள். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹனோய் வந்துவிடலாம்.